இதை வித்தா எவ்வளவு வரும்?

நான் செய்த முதல் உருப்படியான குவளையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தபோது நான்கு பேர் அதைப் பார்த்தார்கள். மாமியார் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கே" என்றார். மகன், "பிடி எங்கம்மா?" என்றான். கணவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வந்திருக்கு. இதை வித்தா எவ்வளவு வரும்?" என்றார். கீழ்வீட்டு அக்கா அதே கேள்வியைக் கொஞ்சம் பாசமாகக் கேட்டார்: "இன்ஸ்டாவுல போடேன்பா, நிறைய பேரு வாங்குவாங்க."

மாமியார் சொன்னது சரி. குவளையின் அடிப்பகுதியை நான் போதுமான அளவு செதுக்கியிருக்கவில்லை. மகன் கேட்டதும் நியாயம். ஜப்பானியர்கள் அன்றாடம் தேநீர் குடிக்கும் யுனோமி என்ற குவளைக்குப் பிடி கிடையாது, நம் டம்ளருக்கு இல்லாததைப் போல. எனக்கு உறுத்தியது அந்த மூன்றாவது கேள்விதான். இரண்டு வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

என் கணவர் பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டில் விளையாடப் போகிறார். மட்டை, காலணி, கிளப் சந்தா, விளையாடி முடித்ததும் நண்பர்களோடு பொங்கல் வடை. அந்த ஷட்டிலை விற்றால் எவ்வளவு வரும் என்று இந்த வீட்டில் ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. "மனுஷனுக்கு ரிலாக்ஸ் வேணாமா?" என்று என் அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். மனுஷன் என்பது பொதுப்பால் சொல் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் அது ஆண்பால்.

பெண்ணின் பொழுதுபோக்குக்கு இங்கே இரண்டு வழிகளில்தான் அனுமதிச் சீட்டு கிடைக்கிறது. ஒன்று, அது வீட்டுக்கு உதவ வேண்டும். தையல், கேக், மாடித் தோட்டம், கோலம், குழந்தைகளுக்குப் பாட்டு என்று. இல்லையென்றால் காசு கொண்டுவர வேண்டும். இந்த இரண்டிலும் சேராத எதையாவது ஒரு பெண் செய்தால், அவள் பொழுதை யாரிடமிருந்தோ திருடிவிட்டதாகவே பார்க்கிறார்கள். 'பொழுது' நம்முடையதாக இருந்தால்தானே அதைப் 'போக்க' முடியும்?

நான் பள்ளியில் கணக்கு சொல்லித் தருபவள். வயது நாற்பத்தேழு. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை மண்பாண்டம் பழகுகிறேன். மாதம் நான்காயிரம் ரூபாய் என் சம்பளத்திலிருந்து கட்டுகிறேன். இதைச் சொல்லும்போது "என் சம்பளத்திலிருந்து" என்பதைச் சேர்க்காமல் என்னால் சொல்ல முடிவதில்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிப் பழகிவிட்டோம்.

அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கிறது? முதலில் பிசைய வேண்டும். கிகுநேரி என்று ஜப்பானிய முறை ஒன்று உண்டு. மண்ணை அழுத்தி, சற்றே திருப்பி, மறுபடி அழுத்தி, திருப்பி, அப்படியே போனால் மண் கட்டியின் முகத்தில் சாமந்திப் பூவின் இதழ்களைப் போல மடிப்புகள் விழும். கிகு என்றால் சாமந்தி. உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியேறிவிட வேண்டும். எனக்கு இது வர ஏழு மாதம் ஆனது. முப்பது வருடம் சப்பாத்தி மாவு பிசைந்த கைதான், ஆனாலும் வரவில்லை. மாவு நாம் சொன்னபடி கேட்கும். மண் கேட்காது. பிறகு சக்கரத்தின் நடுவில் அதை நிறுத்த வேண்டும். நடு பிசகினால் சுவர் ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்து, மேலே இழுக்கும்போது துவண்டு விழும். வனைந்ததைக் காயவைத்து, பாதி காய்ந்ததும் கவிழ்த்து அடியைச் செதுக்கி, முழுக்கக் காய்ந்ததும் ஒருமுறை சுட்டு, கிளேஸில் முக்கி, 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் மறுபடியும் சுட வேண்டும். இதற்குள் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கிவிடும். சின்னக் குவளை வேண்டுமென்றால் கொஞ்சம் பெரிய குவளை வனைய வேண்டும். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சூளை தன் இஷ்டப்படி எதையாவது செய்யும். ஆறு வைத்தால் நான்கு வரும். இரண்டில் கீறல் விழும். அதற்கு யாரும் என்னைத் திட்டுவதில்லை. என் வாழ்க்கையில் நான் கெடுத்த ஒரு பொருளுக்காக எனக்குத் திட்டு விழாத ஒரே இடம் அதுதான். சாம்பாரில் உப்பு கூடிப்போன வீட்டில் இருந்து வருகிறவர்களுக்கு இது புரியும்.

கடற்கரை ஓரமாக இருக்கும் இந்த ஊரில் ஜப்பானியக் குவளை எப்படி வந்தது என்று கேட்கலாம். 1971இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் மண்பாண்டம் கற்றவர். அங்கே பழகிப் போனவர்கள் நாடெங்கும் பட்டறை வைத்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். என் ஆசிரியையும் அந்த வழியில் வந்தவர்தான். ஆக, நான் பிசைகிற மண்ணில் ஜப்பான் கொஞ்சம் கலந்திருப்பதற்கு ஒரு பெண் காரணம்.

ஆரம்பத்தில் நானும் ஜப்பானிய அழகியலில் சொக்கிப் போனவள்தான். கோணலில் அழகு, குறையில் நிறைவு, வாபி-சாபி என்று வாசித்து மனம் குளிர்ந்தேன். அப்புறம் யானகி சோயெட்ஸு. சாதாரண மக்கள் சாதாரணப் பயன்பாட்டுக்குச் செய்த பொருள்களில்தான் உண்மையான அழகு இருக்கிறது, அதைச் செய்தவன் பெயர் தெரியாதவன், பெயரை விரும்பாதவன், அதனால்தான் அந்த அழகு வந்தது என்று சொன்னவர். ஹமடா ஷோஜி, கவாய் கன்ஜிரோ என்ற இரண்டு மண்பாண்டக் கலைஞர்களோடு சேர்ந்து 1925 வாக்கில் இதற்கு 'மிங்கெய்' என்று பெயர் வைத்தார். மக்கள் கலை என்று பொருள். 1936இல் தோக்கியோவில் இதற்கென்று அருங்காட்சியகமே திறந்தார்.

மனதைத் தொடும் கோட்பாடு. ஆனால் வீட்டு வேலை செய்கிற எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். பெயரில்லாமல், கையெழுத்தில்லாமல், பயன்பாட்டுக்காக மட்டும், தினமும் அதே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்து, பாராட்டை எதிர்பார்க்காமல் இருப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அதை ஞானம் என்று அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

யானகி கொரிய மண்பாண்டங்களின் மீது காதல் கொண்டு, 1924இல் சோலில் கொரிய மக்கள் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். அதற்குப் பணம்? அவருடைய மனைவி யானகி கனேகோ மேற்கத்தியச் செவ்வியல் இசைப் பாடகி. அந்த அருங்காட்சியகத்துக்காகக் கொரியாவுக்குப் போய்க் கச்சேரிகள் செய்து நிதி திரட்டினார். மூன்று பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு, பாடியும் பாட்டுச் சொல்லிக் கொடுத்தும் சம்பாதித்தார். பெயர் தெரியாத கைவினைஞனைப் பற்றிக் கணவர் எழுதிய மேசைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தொண்டை இருந்தது. மிங்கெய் பற்றி நான் முதலில் வாசித்த எதிலும் கனேகோ இல்லை. தேடிப் போனபோதுதான் கிடைத்தார்.

ஹமடாவை எடுத்துக்கொள்வோம். மாஷிகோ என்ற ஊரில் குடியேறி, அங்கே கிடைக்கும் மண்ணில் வனைந்தவர். பானைகளில் கையெழுத்துப் போட மறுத்தவர். எவ்வளவு அடக்கம்! ஆனால் அந்தப் பானைகளை வைத்து விற்கிற மரப்பெட்டியின் மீது அவர் பெயர் அவர் கையாலேயே இருக்கும். 1955இல் ஜப்பானிய அரசு அவரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆக்கியது. அவர் மகத்தான கலைஞர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவர் பாத்திரங்களின் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் வளைவு கற்றுக்கொள்கிறேன். ஆனால் பெயரைத் துறப்பதற்கு முதலில் பெயர் இருக்க வேண்டும் இல்லையா?

அதே மாஷிகோவில் மினாகவா மாசு என்று ஒரு பெண் இருந்தார். 1874இல் பிறந்து 1960இல் இறந்தவர். மாஷிகோவின் சமையலறைத் தேநீர்க் கெண்டிகளின் வயிற்றில் மலையும் தண்ணீரும் மரமும் படகும் வரைவது அவர் வேலை. சின்ன வயதிலேயே தொடங்கியவர். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வரைவார். வேறு யாரோ வனைந்த கெண்டி, வேறு யாரோ சுடும் சூளை, வேறு யாரோ விற்கும் கடை. நடுவில் இவருடைய தூரிகை. யானகி கனவு கண்ட பெயரற்ற கைவினைஞன் உண்மையிலேயே எங்காவது உட்கார்ந்திருந்தான் என்றால், அது இந்தக் கிழவிதான். மிங்கெய் அன்பர்களும் அவரைக் கண்டுகொண்டு கொண்டாடினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சக்கரமும் சூளையும் வேறொரு கையில்தான் இருந்தன. பொக்கிஷப் பட்டமும் அங்கேதான் போனது.

ஜப்பானின் பல மண்பாண்ட ஊர்களில் பெண்கள் சூளையை நெருங்கக் கூடாது என்று இருந்தது. காரணம் உங்களுக்கே தெரியும். தீட்டு. கடல் கடந்து போனாலும் நம்மை விடாத சொல். மண் சலிக்கலாம், கரைக்கலாம், சுமக்கலாம், படம் வரையலாம், விற்கலாம். நெருப்பைத் தொடுவதற்கு மட்டும் அவள் அசுத்தம். நெருப்பை மூன்று வேளையும் அடுப்பில் மூட்டுகிறவள் அவள்.

இந்தக் கட்டுகளை உடைத்தவர்களின் கதை வாபி-சாபி புத்தகங்களில் வருவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கியோத்தோவில் ஒதகாகி ரெங்கெட்ஸு என்று ஒரு பிக்குணி இருந்தார். இரண்டு திருமணம், பெற்ற பிள்ளைகள் எல்லாம் சாவு, அதன்பின் துறவு. பிழைக்க வழி வேண்டி, சக்கரம் இல்லாமல் கையாலேயே தேநீர்ப் பாத்திரங்கள் செய்து, ஈரமாக இருக்கும்போதே தன் கவிதைகளை அவற்றின் மேல் கீறினார். தன் சொல்லைத் தன் பாத்திரத்தில் எழுதி விற்ற பெண். 1957இல் அதே கியோத்தோவில் ட்சுபோய் அசுகா பெண் மண்பாண்டக் கலைஞர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஷிகராகியைச் சேர்ந்த காமியாமா கியோகோ. 1936இல் பிறந்தவர். மண்பாண்டத் தொழிற்சாலையில் படம் வரையும் வேலையில் தொடங்கி, பிறகு தனியாகப் பட்டறை வைத்தார். கணவர் விட்டுப் போன பின், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்து, குகை போன்ற பழைய அனகாமா சூளையில் நாள்கணக்கில் விறகு போட்டு எரித்தார். மேலே கிளேஸ் எதுவும் பூசாமல், பறக்கிற விறகுச் சாம்பலே மண்ணின் மீது படிந்து உருகிப் பச்சையாக ஓடும் பழைய ஷிகராகி முறையை மீட்டெடுத்தார். அவர் மகனும் மண்பாண்டக் கலைஞர். ரத்தப் புற்றுநோய் வந்து 1992இல் இறந்தான். அவனுக்குப் பொருந்தும் எலும்பு மஜ்ஜை தேடி அலைந்த அந்தத் தாய், மற்றவர்களுக்காவது அது கிடைக்கட்டும் என்று மஜ்ஜை வங்கி அமைக்கும் இயக்கத்தில் இறங்கினார். 2005இல் அவர் வாழ்க்கை திரைப்படமாக வந்தது.

அவர் கதையைப் பட்டறையில் சொன்னபோது ஒரு தோழி, "கின்சுகி மாதிரி இருக்கு, இல்ல?" என்றாள். எனக்குச் சுரீர் என்றது.

கின்சுகி தெரியாதவர்களுக்கு: உடைந்த பாத்திரத்தை உருஷி என்ற மரப் பிசினால் ஒட்டி, ஒட்டிய கோட்டின் மீது தங்கப் பொடி தூவுவார்கள். விரிசல் மறையாது, மின்னும். பொறுமையான, அருமையான வேலை. ஒவ்வொரு அடுக்கும் இறுகுவதற்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் கைவேலையோடு எனக்குச் சண்டை இல்லை. அதை எடுத்துப் பெண்களின் தலையில் வைக்கிறார்களே, அதோடுதான் சண்டை. மகளிர் தினக் கூட்டங்களில், தன்னம்பிக்கைப் பேச்சுகளில், வாட்ஸ்அப் காலை வணக்கங்களில் இந்தத் தங்கக் கோடு வந்துகொண்டே இருக்கிறது. "உடைந்த பெண்ணே, உன் விரிசல்கள்தான் உன் அழகு." எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு பேச்சாளர் பதினோராம் வகுப்புப் பெண்களிடம் இதைச் சொன்னார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திக்கு அவள் அப்பா அடித்த கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. அவளும் கை தட்டினாள்.

கின்சுகியில் குவளை தானாக உடைகிறது, அல்லது தவறி விழுகிறது. உடைத்தவன் என்று யாரும் அந்த உவமையில் இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் அது பிடித்திருக்கிறது. பிசினும் அவள், தங்கமும் அவள், ஒட்டுகிற கையும் அவள், கடைசியில் ஒட்டப்பட்ட குவளையில் தேநீர் குடிப்பது மட்டும் வேறு யாரோ. காமியாமாவை வறுமையும் சாவும் அழகாக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது அரிசி, விறகு, பொருந்தும் மஜ்ஜை.

இனி எனக்குச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன்.

போன பொங்கலுக்கு முன்பு எங்கள் தெரு முனையில் பானை விற்ற அம்மாவிடம் என் குவளையின் படத்தை போனில் காட்டினேன். பெருமைக்காகத்தான் காட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனை வாங்கி நன்றாகப் பார்த்தார்.

"சக்கரத்துல நீயா உக்காருவ?"

"ஆமாம்மா."

"எங்க வூட்டுல பொம்பளைங்க உக்கார மாட்டோம். மண்ணு மிதிக்கிறது, சலிக்கிறது, தட்டுறது, அடுக்குறது, விக்கிறது எல்லாம் நாங்கதான். சக்கரம் ஆம்பளைங்களுது." கொஞ்சம் நிறுத்தி, "இதுக்குக் காசு குடுத்தா கத்துக்கற?" என்று சிரித்தார். "விப்பியா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

அதே கேள்வி. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை, கூச்சம் வந்தது. இந்தியாவின் பல குயவர் சமூகங்களில் பெண்ணுக்குச் சக்கரம் விலக்கு. மணிப்பூரின் ஆந்திரோ போன்ற ஊர்களில் பெண்கள்தான் பானை செய்கிறார்கள் என்றாலும் அங்கே சக்கரமே கிடையாது, கையால் சுற்றிச் சுற்றி வந்துதான் செய்கிறார்கள். அந்த அம்மா வாழ்நாள் முழுக்கச் செய்ததற்கு 'ஒத்தாசை' என்று பெயர். நான் சனிக்கிழமை மூன்று மணி நேரம் செய்வதற்குக் 'கலை' என்று பெயர். அவர் சாதியால் மறுக்கப்பட்ட மரியாதையும் அவர் பாலினத்தால் மறுக்கப்பட்ட சக்கரமும் எனக்கு நான்காயிரம் ரூபாயில் கிடைத்துவிட்டன. சொரசொரப்பான மண் குவளை, ஜப்பான் என்று சொன்னால் காபிக் கடையில் அலங்காரம். நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் யாருக்கு எந்தக் குவளை என்று பிரித்து வைத்த வரலாறு நமக்குத் தெரியும். குவளை வெறும் குவளையாக இங்கே என்றைக்குமே இருந்ததில்லை.

புறநானூற்றில் 66ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். வெண்ணி அவர் ஊர். குயத்தி அவர் குலம். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேராக, உன்னைவிடத் தோற்றவன் நல்லவன் என்று பாடிய பெண். அவருடைய சொந்தப் பெயர் நம்மிடம் இல்லை. பெயரைத் துறந்த ஞானி என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தபோது, பானை தட்டுகிற ஒரு பெண்ணின் பெயர் ஒருவழியாக ஏட்டில் ஏறியது. ஈரக் கடத்தை உள்ளே ஒரு கை தாங்க, வெளியே மறு கையால் ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டித்தான் அதற்குச் சுருதி வருகிறது. அது ஒத்தாசையா?

இதையெல்லாம் என் கணவரின் நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது உடனே பிடித்துக்கொண்டார். "அதான் நானும் சொல்றேன். சோத்துக்குச் செய்யறவங்க இருக்கும்போது நீங்க விளையாட்டுக்குச் செய்யறது கொஞ்சம் ஓவர் இல்லையா?" ஏழைப் பெண் இவர்களுக்கு நினைவுக்கு வருவது எங்கள் வாயை அடைக்க வேண்டிய நேரத்தில் மட்டும்தான். இதே மனிதர் பொங்கல் பானைக்கு அந்த அம்மாவிடம் இருபது ரூபாய் பேரம் பேசியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவருடைய கோல்ஃப் ஆசைக்கு எந்த உழைப்பாளியும் குறுக்கே வந்து நிற்பதில்லை.

அந்த அம்மாவுக்கு நான் கடன்பட்டிருப்பது என் சனிக்கிழமையை விட்டுக்கொடுப்பதால் தீராது. அவருக்கு உரிய விலை, உரிய பெயர், வேண்டுமென்றால் சக்கரம், வேண்டாமென்றால் ஒன்றுமே செய்யாமல் உட்கார ஒரு சாயங்காலம், இவற்றைக் கேட்பதில்தான் நானும் அவரும் ஒரு பக்கம் நிற்க முடியும். பொங்கல் முடிந்து அவரிடம், சக்கரத்தில் உட்கார ஆசை இருந்ததா என்று கேட்டேன். "சின்னப் புள்ளையில ஒரு தடவை யாரும் இல்லாதப்ப சுத்திப் பாத்தேன்" என்றார். வந்ததா என்றேன். "என்னா வந்துச்சோ. அப்பா வர்றதுக்குள்ள அழிச்சிட்டேன்."

போன சனிக்கிழமை பெரிய கிண்ணம் ஒன்று வனைந்துகொண்டிருந்தேன். சுவர் மேலே எழும்பி, வாய் விரியும் நேரம். அலமாரியில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. கை இரண்டும் முழங்கைவரை சேறு. கேஸ் சிலிண்டர் வந்திருக்கும், புத்தகம் எங்கே என்று கேட்பார்கள். ஃபிரிட்ஜுக்கு மேலேதான் இருக்கிறது, இருபது வருடமாக அங்கேதான் இருக்கிறது. பக்கத்துச் சக்கரத்தில் இருந்த பெண் நிமிர்ந்து, "அக்கா, உங்க போன்" என்றாள்.

"கேக்குதும்மா" என்றேன். கிண்ணத்தின் வாயை இன்னும் கொஞ்சம் விரித்தேன்.